பைபோலார் டைப் 2 என்றால் லேசானதா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு பைபோலார் டைப் 2 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டைப் 1 இல்லையே, அப்போ லேசானதுதானே சார்?

பதில்: முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது இதைத்தான். பைபோலார் என்றால் மனநிலை சில காலம் அளவுக்கு மீறி எழும்பும், சில காலம் சோர்வில் விழும் நோய். அந்த எழுச்சி எவ்வளவு உயரம் போகிறது என்பதை வைத்துத்தான் இந்தப் பிரிவே, தம்பி. டைப் 1-இல் வருவது மேனியா, அதாவது கட்டுமீறிய எழுச்சி. ஒரு வாரமாவது நீடிக்கும், அல்லது அதற்குள்ளேயே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வரும். டைப் 2-இல் ஹைப்போமேனியா, அதைவிடக் குறைந்த எழுச்சி. நாலு நாளாவது இருக்கும். ‘ஆளே மாறிட்டான்’ என்று வீட்டில் சொல்வார்கள், ஆனால் பிழைப்பு பெரிதாகக் கெடாது. பள்ளமோ டைப் 2-இல் ஆழம் குறைந்ததே இல்லை. மாதக்கணக்கில் மனச்சோர்விலேயே கிடப்பவர்கள் உண்டு. தற்கொலை ஆபத்தும் உண்டு. லேசானது என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது.

கேள்வி: என் கணவர் ஐந்து நாளாக இரவில் இரண்டு மணி நேரம்தான் தூங்குகிறார், களைப்பே இல்லை. நகையை அடகு வைத்து மூன்று பழைய வேன்களுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். டிவியில் செய்தி வாசிப்பவர் தனக்கு மட்டும் சைகை காட்டுகிறாராம். ஒரு வாரம் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம்மா, இன்றைக்கே கூட்டிப் போங்கள். இல்லாததை இருப்பதாக நம்பும் அளவுக்குப் போனால் அது ஹைப்போமேனியா கணக்கில் வராது. போதைப்பொருள், தைராய்டு மாதிரி வேறு காரணம் உண்டா என்று டாக்டர் பார்ப்பார். கணவரோடு வாதாடாதீர்கள். வண்டிச் சாவியையும் ஏடிஎம் கார்டையும் எடுத்து வையுங்கள். வர மறுத்தால் 14416-க்கு, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு, கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: மகள் காலையில் சிரிக்கிறாள், மதியம் அழுகிறாள். பைபோலாரா?

பதில்: அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பைபோலாரில் ஏற்ற இறக்கத்தின் கணக்கு மணியில் இல்லை, நாளில். தூக்கத்தைக் கவனியுங்கள். தூக்கம் வராமல் புரண்டு படுப்பது வேறு. தூக்கமே தேவைப்படாமல் விடிகாலை 3 மணிக்குப் பரணை ஒழித்து அடுக்குவது வேறு.

கேள்வி: சைக்ளோதைமியா என்கிறார்களே, அது என்ன?

பதில்: இரண்டு வருஷத்துக்கு மேல் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம். சிலருக்குப் பின்னாளில் முழு பைபோலாராக மாறும்.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய பிறகுதான் அண்ணன் ஓயாமல் பேசுகிறார், கடன் வாங்கிச் செலவழிக்கிறார். மாத்திரைதான் காரணமா?

பதில்: இருக்கலாம். பைபோலார் உள்ளவருக்கு அந்த மாத்திரையை மட்டும் கொடுத்தால் சில சமயம் மேலே தூக்கிவிடும். நீங்களாக நிறுத்தாமல் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது நாலைந்து நாள் இப்படித் துள்ளலாக இருந்தாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை அவராகச் சொல்ல மாட்டார். அவரைப் பொறுத்தவரை அவை நல்ல நாட்கள்.