மாசுபட்ட கடலில் செயற்கைப் பாறைகளை இறக்கினால் கடல் மீளுமா?

ஓரளவு மீளும். ஆனால் சாக்கடையும் ஆலைக்கழிவும் வந்து கலந்துகொண்டே இருந்தால் எத்தனை பாறை போட்டாலும் வீண்தான். இந்தப் பாறைகள் பெரும்பாலும் கான்கிரீட்டில் செய்தவை, கான்கிரீட் தானாகக் கழிவை உறிஞ்சாது. அதில் ஒட்டி வளரும் சிப்பிகளும் கடற்பஞ்சுகளும் தண்ணீரைக் கொஞ்சம் வடிகட்டும், அவ்வளவுதான்.

சரி, அப்புறம் எதற்கு இது? தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவைப் பாருங்கள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுத்த அரணே போய், 1986-ல் 16 ஹெக்டேர் இருந்த தீவு 2014-க்குள் 2 ஹெக்டேர் அளவுக்குக் கரைந்துவிட்டது. 2015-ல் தொடங்கி அங்கே அடி அகன்று மேலே குறுகிய, பக்கமெல்லாம் ஓட்டை போட்ட கான்கிரீட் அமைப்புகளை ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். ஓட்டை வழியே தண்ணீர் புகுந்து போவதால் அலையின் வேகம் தணிகிறது, மீன்குஞ்சுகள் உள்ளே ஒளிந்துகொள்கின்றன, சொரசொரப்பான பரப்பில் பவள உயிரிகள் வந்து ஒட்டுகின்றன. தீவில் மணல் மறுபடி சேர ஆரம்பித்தது. எனக்கு இது பெரிய நம்பிக்கை தருகிற விஷயம்.

கையில் கிடைத்ததையெல்லாம் போடக்கூடாது. அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் 1970-களில் ஏறக்குறைய 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டுக்கட்டாகப் போட்டார்கள். கட்டுகள் அறுந்து, புயலில் டயர்கள் உருண்டுபோய் பக்கத்திலிருந்த இயற்கைப் பவளத்தையே நொறுக்கின. இன்னமும் முழுக்க அள்ளி முடிக்கவில்லை. உங்கள் ஊர்க் கடலில் யாராவது டயர் போடலாம் என்று கிளம்பினால் தயவுசெய்து விடாதீர்கள்.