பத்திரத்தில் 35, கையில் 25: மிச்சம் யாருக்கு?

கேள்வி: பெருந்துறையில் 2011-ல் 18 லட்சத்துக்கு வாங்கிய என் வீட்டை, பெரியப்பா மகன் 60 லட்சத்துக்குக் கேட்கிறார். வழிகாட்டி மதிப்பு (பதிவுக்கு அரசு வைத்திருக்கும் விலை) 35 லட்சம்தான். அதையே பத்திரத்தில் போட்டுக்கொண்டு 25 லட்சத்தை ரொக்கமாக வாங்கிக்கொள், உனக்கும் வரி மிச்சம் என்கிறார். நாங்கள் சரவணம்பட்டியில் 85 லட்சத்துக்கு வீடு பார்த்திருக்கிறோம்; அந்த ஓனர் முழுத் தொகையும் வங்கி வழியாகத்தான் வேண்டும் என்கிறார். கையிருப்பு 8 லட்சம். அண்ணன் பேச்சைத் தட்டினால் மனஸ்தாபம் வரும். என்ன செய்யலாம்? (பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்)

பதில்: வில்லங்கம், பட்டா, தாய்ப்பத்திரம் எல்லாம் பார்த்திருப்பீர்கள். உங்களைக் கவிழ்க்கப் போவது அந்த 25 லட்சம் ரொக்கம்தான்.

முதலில் வரி. 60-ல் 18 போனால் லாபம் 42 லட்சம். வேறு வீடே வாங்காவிட்டால் 12.5 சதவீதத்தில் 5.25 லட்சம் வரி. (2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கட்டும் வழியும் உண்டு; அதில் இன்னும் குறையும்.) ஆனால் நீங்கள்தான் 85 லட்சத்துக்கு வீடு வாங்குகிறீர்களே! விற்ற இரண்டு வருடத்துக்குள் உங்கள் பெயரில் வீடு வாங்கி லாபத்தை அதில் போட்டால், அந்த 42 லட்சத்துக்கும் வரி இல்லை. பத்திரத்தில் 35 போட்டாலும் வரி பூஜ்யம், 60 போட்டாலும் பூஜ்யம். உங்களுக்கு எதுவும் மிச்சமாகவில்லை.

மிச்சம் அண்ணனுக்கு. முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம்; 25 லட்சத்துக்கு 2.25 லட்சம் அவருக்குக் குறைகிறது.

உங்கள் பக்கம் பாருங்கள். புது வீட்டுக்கு 85, பதிவுச் செலவு ஏழரைக்கு மேல், ஆக சுமார் 93 லட்சம். 60-ம் வங்கியில் வந்தால், கையிருப்பு 8 போக, கடன் 25 லட்சம். 35 மட்டும் வந்தால் கடன் 50. கூடுதலான 25 லட்சத்துக்கு 8.5 சதவீதம், 15 வருடம் என்றால் மாதத் தவணை 24,600 ரூபாய். வட்டி மட்டும் 19 லட்சம் தாண்டும். வீட்டுப் பீரோவில் 25 லட்சம் சும்மா கிடக்க, வங்கிக்கு வட்டி கட்டுவீர்கள்.

அபராதம் தனி. வீடு, நிலம் விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் ரொக்கத்தைப் பெற்ற உங்களுக்கு. "நமக்கு விவசாய வருமானம், ஒண்ணும் ஆகாது" என்று ஊரில் சொல்வார்கள். இரு தரப்புக்கும் விவசாய வருமானம் மட்டுமே இருந்து, வரிக்குரிய வருமானம் இல்லையென்றால்தான் அந்த விலக்கு. நீங்கள் சம்பளக்காரர்.

அண்ணனிடம் அவர் கணக்கையே பேசுங்கள். நாளை அவர் இந்த வீட்டை 80-க்கு விற்றால், பத்திரம் 35 என்பதால் லாபம் 20-க்குப் பதில் 45 லட்சம். கூடுதல் 25-க்கு 12.5 சதவீதம் என்றால் 3.12 லட்சம் வரி. இன்று மிச்சம் பிடித்த 2.25-ஐ விட அதிகம். வங்கிக் கடன் வாங்குவதானாலும் பத்திர மதிப்பை வைத்துத்தான் கொடுப்பார்கள். அப்படியும் முகம் சுளித்தால், விலையில் ஒரு லட்சம் குறைத்து 59-க்கு முழுப் பத்திரம் போடுங்கள். உங்களுக்கு அது மலிவு.

வங்கியில் கடனோடு ஒற்றைத் தவணைக் காப்பீடு ஒன்றைச் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். பிரீமியமும் கடனில் ஏறி அதற்கும் வட்டி ஓடும். கட்டாயம் என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். டேர்ம் பாலிசி (காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) தனியாக எடுத்தால் போதும்.

விற்ற பணத்தில் புது வீட்டுக்குப் போகாத லாபம் இருந்தால், வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிடுங்கள். புது வீட்டை மூன்று வருடத்துக்கு விற்காதீர்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் வீடுகளுக்கு, வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும்: அண்ணன் உங்களுக்குத் தரும் பணத்தில் பிடிப்பார், நீங்கள் சரவணம்பட்டி ஓனருக்குத் தருவதில் 85,000 பிடிக்க வேண்டும். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால் தாமதக் கட்டணம் ஒரு நாளுக்கு 200 ரூபாய்.