வாசகர் கேள்விகள்: ‘டைம்’ என்ற சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் எது சரி?

கேள்வி: ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிய மொழிக்கு மொழிபெயர்க்கப் பழகி வருகிறேன். ‘டைம்’ என்ற ஒரே சொல்லுக்கு அகராதி தியெம்போ, ஓரா, வேஸ், எப்போக்கா என்று நான்கு சொற்களைத் தருகிறது. முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து வைப்பதால் வரும் பிழைகளைத்தான் பயிற்சி மொழிபெயர்ப்புகளில் நான் மிகுதியாகப் பார்க்கிறேன். ஆங்கிலச் சொல்லை அப்படியே ஸ்பானிய மொழிக்குள் தள்ளாமல், அந்த வாக்கியத்தைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்து “மணி என்ன?” என்று கேட்கும் இடத்தில் ஓரா வரும். “மூன்று தடவை சொன்னேன்” என்ற இடத்தில் வேஸ், பன்மையாகி ‘த்ரெஸ் வேசெஸ்’ என்று நிற்கும். “எனக்கு நேரமில்லை” என்பதற்குத் தியெம்போ; “அந்தக் காலத்தில்” என்று ஒரு யுகத்தைச் சுட்டுவதற்கு எப்போக்கா. மணி, தடவை, நேரம், காலம் என்று நாம் நாள்தோறும் பிரித்துப் பேசுவதைத்தான் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. ஸ்பானியச் சொல்லுக்கும் சொந்தமாகப் பல பொருள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்: ‘ஆசே புவென் தியெம்போ’ என்றால் வானிலை நன்றாக இருக்கிறது என்று பொருள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பிழையின் வழியாகத்தான். பழகத் தொடங்கிய காலத்தில், ஒரு கதையில் தண்டனை பெற்ற குழந்தை அறையின் ‘கார்னரில்’ நிற்பதாக வந்த வரியை நான் ‘எஸ்கினா’ என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த ஆசிரியை மேசையின் கூரான முனையில் என் விரலை வைக்கச் சொல்லி, வெளியிலிருந்து தொட்டால் குத்துவது எஸ்கினா என்றார். பிறகு இரண்டு சுவர்கள் சேரும் இடுக்கைக் காட்டி, உள்ளே நின்று பார்த்தால் தெரிவது ‘ரின்கோன்’ என்றார். நான் அந்தக் குழந்தையைத் தெருவில் நிறுத்தியிருந்தேன். தெருமுனை, அறை மூலை என்று என் தாய்மொழி எனக்கு முன்பே கொடுத்திருந்த வேறுபாட்டை நான் எண்ணிப் பார்க்கவில்லையே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் தமிழ் எப்போதும் வழிகாட்டுமா?

பதில்: எப்போதும் காட்டாது, சில இடங்களில் தமிழும் ஆங்கிலத்தைப் போலவே ஒரு சொல்லில் நின்றுவிடும். வழி கேட்பதும் தண்ணீர் கேட்பதும் நமக்கு ‘கேட்பது’தான், ஆங்கிலத்திலும் ‘ஆஸ்க்’தான், ஸ்பானிய மொழியிலோ விடையை எதிர்பார்த்துக் கேட்டால் பிரெகுந்தார், ஒன்றைப் பெறுவதற்காகக் கேட்டால் பெதிர். மீனும் அப்படியே: நீரில் நீந்தும்வரை அது பெஸ், பிடிபட்டு உணவானபின் பெஸ்காதோ. பெஸ்காதோ என்ற சொல்லுக்கே ‘பிடிக்கப்பட்டது’ என்றுதான் பொருள் என்பதால், ஒருமுறை புரிந்துகொண்டால் மறக்காது.

மிகுந்த கவனம் வேண்டியது ஆங்கிலத்தின் ‘பீ’ என்ற வினை, ஏனென்றால் அது செர், எஸ்தார் என்று இரண்டாகப் பிரிகிறது. “அவர் மருத்துவர்” என்று வினையே இல்லாமல் நாம் முடிக்கும் வாக்கியம் பெரும்பாலும் செர் பக்கம் போகும். “அவர் சோர்வாக இருக்கிறார்”, “அவர் வீட்டில் இருக்கிறார்” என்பவை எஸ்தார் பக்கம் போகும். ஆனால் கூட்டம் எந்த அறையில் என்று ஒரு நிகழ்ச்சியின் இடத்தைச் சொல்லும்போது செர்தான் வர வேண்டும். மாற்றிப் போட்டால் பொருளே மாறிவிடும் இடங்களும் உண்டு: ‘எஸ்தா அபுர்ரிதோ’ என்றால் அவருக்குச் சலிப்பாக இருக்கிறது, ‘எஸ் அபுர்ரிதோ’ என்றால் அவரே பிறருக்குச் சலிப்பூட்டுகிறவர். இந்த ஒரு வினையைத் தவறாகத் தேர்ந்தால், நலம் விசாரிக்க எழுதிய கடிதம்கூட ஒருவரைப் புண்படுத்திவிடும்.

கேள்வி: பொருளைச் சரியாகத் தேர்ந்த பிறகும் தவறு நேருமா?

பதில்: நேரும், யாருக்காக எழுதுகிறோம் என்பதைப் பார்க்காவிட்டால். ‘டேக்’ என்பதற்கு ஸ்பெயினில் பேருந்தைப் பிடிப்பது முதல் ஒரு பொருளைக் கையில் எடுப்பது வரை ‘கோஹெர்’ என்பது இயல்பான அன்றாடச் சொல். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாக ஒலிக்கும் என்பதால், அங்குள்ளவர்கள் ‘தொமார்’ என்றே சொல்வார்கள். 1713இல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தேர்ந்த சொல்லை அதில் ஸ்பானிய விளக்கத்தோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். வாசகர் லத்தீன் அமெரிக்கராக இருந்தால், ஸ்பானிய மொழிக் கழகங்களின் சங்கம் 2010இல் வெளியிட்ட அமெரிக்க வழக்குச்சொல் அகராதியையும் புரட்டிவிட்டுப் படியை அனுப்புங்கள்.