ஆர்டீமியா முட்டை பொரிக்கவில்லையா? குளிரையும் பொட்டலத்தையும் பாருங்கள்

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன். சண்டை மீன் குஞ்சுகளுக்கு இரையாக, ஆர்டீமியா என்னும் உப்பு நீர்ச் சிற்றுயிரியின் முட்டைப் பொட்டலத்தைச் சேலத்தில் வாங்கி, உப்பு நீரில் இட்டு, இரண்டு நாள்கள் ஆகியும் ஒன்றும் பொரிக்கவில்லை. குஞ்சுகள் தினமும் சாகின்றன. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கொடுக்கலாமா?

பதில்: மஞ்சள் கரு வேண்டாம். குஞ்சு தின்பது கொஞ்சம். மீதி சில மணி நேரத்தில் அழுகித் தண்ணீரைக் கெடுத்து, பசியில் சாகாத குஞ்சையும் கொன்றுவிடும்.

உங்கள் சிக்கலுக்கு முதல் காரணம் குளிராக இருக்கலாம். ஆர்டீமியா பொரிக்க 26 முதல் 28 டிகிரி வெப்பம் தேவை. சேலத்தில் அது தானாகவே கிடைத்துவிடுகிறது; சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில், அதுவும் மார்கழி, தை மாதங்களில், நாம்தான் ஏற்படுத்த வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, லிட்டருக்கு 25 கிராம் கல் உப்பு கரைத்து, மழைநீராகவோ சுனைநீராகவோ இருந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் சேர்த்து, கால் தேக்கரண்டி முட்டையை இட்டு, ஏர் பம்ப் குழாயை அடிவரை விடுங்கள். அந்தப் பாட்டிலை ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தி, வாளிக்குள் மீன் தொட்டி ஹீட்டரை 28 டிகிரியில் வையுங்கள். மேலே ஒரு விளக்கு எரியட்டும். குஞ்சுத் தொட்டிக்கும் இதே வெப்பம் வேண்டும். குளிர்ந்த நீரில் சண்டை மீன் குஞ்சு இரை இருந்தும் தின்னாது.

இவ்வளவு செய்தும் 36 மணி நேரத்தில் நீர் ஆரஞ்சு நிறமாகாவிட்டால், குற்றம் பொட்டலத்தினுடையது. நல்ல முட்டை ஒரு கிராமுக்கு இரண்டு லட்சம் ஆர்டீமியாவுக்கு மேலும் தரும். அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் காற்றுப் புகாத டின்களில் வருகிற முட்டையை, இடையில் இருப்பவர்கள் டின்னைத் திறந்து கரண்டி கரண்டியாகப் பொட்டலம் கட்டி, தேதியும் பொரிப்புச் சதவீதமும் எழுதாமல் மாதக்கணக்கில் தொங்கவிடுகிறார்கள். ஈரக்காற்று பட்ட முட்டை செத்த முட்டை. அலங்கார மீன் வளர்ப்புக்கு 2020-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் மானியம் அறிவித்தார்கள். ஆனால் கைக்காசு போட்டு முட்டை வாங்குகிறவர் ஏமாறாமலிருக்க, பொட்டலத்தில் ஒரு தேதி இருக்கிறதா என்று பார்க்கக்கூட இங்கே ஆளில்லை. டின்னின் தேதியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாத கடையில் வாங்காதீர்கள்.

பொரிக்காத முட்டை எல்லாமே மோசடி என்றும் சொல்லிவிட முடியாது. ஓடு நீக்கி உலர்த்திய ஆர்டீமியா முட்டை என்று ஒன்று விற்கிறது. அது பொரிக்கவே பொரிக்காது. பொரிப்பதற்காக விற்கப்படுவதும் அன்று. அப்படியே தூவ வேண்டிய தீவனம். நிறம் சற்று ஆரஞ்சாகவும், விரலில் தேய்த்தால் பழுப்பு ஓட்டின் சொரசொரப்பு இல்லாமலும் இருக்கும். கப்பி, மோலி மீன்களின் குஞ்சுகளுக்கு அது நல்ல உணவு. சண்டை மீன் குஞ்சோ அசைவதைத்தான் துரத்தும். அசையாமல் அடியில் கிடப்பதைப் பெரும்பாலும் சீண்டாது. ஆகவே இரண்டையும் ஒரே பெயரில் விற்கும் கடையில், பொரிக்கும் முட்டைதானா என்று வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள்.

பொரித்தபின் காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், பொரிக்காத முட்டை அடியில் தங்கும். பாட்டிலின் கீழ்ப்பகுதியில் ஒளி காட்டினால் ஆர்டீமியா அங்கே கூடும். அதை மட்டும் குழாயால் இழுத்து, நெருக்கமாக நெய்த துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, அன்றே கொடுங்கள். நேரமாக ஆக அதன் சத்து குறையும். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உருண்டு தெரியும். தெரியாவிட்டால் அது பட்டினி.

புதிய டின் கிடைக்கும்வரை, மீன் குஞ்சு தின்னும் மைக்ரோவார்ம் என்னும் நுண்புழுவை வளருங்கள். அதற்கு ஆர்டீமியா அளவு வெப்பம் தேவையில்லை; கடுங்குளிரில் மட்டும் மெதுவாக வளரும். மீன் வளர்க்கும் நண்பரிடம் ஒரு கரண்டி வாங்கி, ஆறிய கெட்டி ஓட்ஸ் கூழில் இட்டு, சிறிது ஈஸ்ட் தூவி, மூடியில் துளையிட்ட டப்பாவில் வையுங்கள். சில நாள்களில் புழுக்கள் டப்பாவின் பக்கச் சுவரில் ஏறும். விரலால் வழித்துத் தொட்டியில் அலசிவிடலாம். கூழ் நீர்த்து நாற்றமெடுக்கத் தொடங்கியதும் ஒரு கரண்டியைப் புதிய கூழுக்கு மாற்றிவிடுங்கள்.