ராஸ்பெர்ரி பை 3இல் ரிஸ்க் ஓஎஸ் ஓடுமா?

புதுக்குடியிருப்பிலிருந்து கேட்ட தம்பிக்கு: உங்கள் ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்னக் கணினிப் பலகையில் ரிஸ்க் ஓஎஸ் என்ற இயங்குதளம் ஓடும், நல்லாவே ஓடும். உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் நீங்கள் ஒருதரம் கட்டாயம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

உங்கள் பலகையில் இருப்பது ஆர்ம் சிப். அந்த வகைச் சிப்பை முதலில் வடிவமைத்த கேம்பிரிட்ஜ் ஏகோர்ன் நிறுவனமே 1987இல் அதற்காக இந்த இயங்குதளத்தையும் வெளியிட்டது. 2018இல் அதன் மூலநிரல், யாரும் பாவிக்கவும் மாற்றவும் விடும் அப்பாச்சி உரிமத்தில் திறந்து விடப்பட்டது. இலவசம், இறக்க வேண்டியதும் கொஞ்சம்தான், பழைய 4 ஜிபி மெமரி கார்ட் போதும். டேட்டா பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் எங்கட பக்கத்துக்கு அது பெரிய விஷயம்.

சில செக்கனில் திரை வந்துவிடும். எஃப்12 அழுத்தி பேசிக் என்று அடித்தால் பிபிசி பேசிக் என்ற நிரல் மொழி திறக்கும். சிப்பின் சொந்தக் கட்டளைகளையே எழுத விடும் அசெம்பிளரும் அதற்குள்ளேயே இருக்கிறது! ஒரு கட்டளை சிப்பை எப்படி அசைக்கிறது என்பதை இவ்வளவு கிட்ட நின்று பார்க்க லினக்ஸில் வாய்ப்பு குறைவு. மெனு மவுசின் நடுப் பட்டனில் வரும், சக்கரத்தை அழுத்துங்கள்.

குறைகளும் உண்டு. சிப்பில் வேலை செய்யும் நான்கு கோர்களில் (கருக்களில்) ஒன்றைத்தான் பாவிக்கும். ஒரு மென்பொருள் மற்றவற்றுக்கு முறை விடாமல் சிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் முழுத் திரையும் உறைந்துபோகும். தமிழ் எழுத்தைச் சரியாகக் கோத்துக் காட்டாது, எனக்கு மனவருத்தம் அதுதான். பலகையின் வைஃபை வேண்டுமென்றால் 2024இல் வந்த 5.30 பதிப்பை எடுங்கள். போன் சார்ஜரை நம்பாதீர்கள், 2.5 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள்.

பாடத்துக்குரிய பைத்தானுக்கு லினக்ஸ் போட்ட இன்னொரு கார்ட் வைத்திருங்கள். நிறுத்திவிட்டு கார்டை மாற்றினால் போதும்.