4,20,000 ரூபாய்க்குக் காற்று வாங்கலாமா?

கேள்வி: செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில் 1,300 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். சுவர் ஜன்னலின் அடிமட்டம் வரை எழும்பிவிட்டது. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர் கடை வைத்திருக்கிறார். இப்போது இருக்கும் வாடகை வீட்டில் சாரல் மாதங்களில் பீரோவுக்குள் துணியெல்லாம் பூசணம் பிடித்துவிடுகிறது, பையனுக்கும் இழுப்பு வருகிறது. புது வீட்டுக்கு 'ஹீட் ரெகவரி வென்டிலேஷன்' என்று ஒரு மெஷினைச் சொல்கிறார்கள். வீடு முழுக்கக் குழாய் போட்டு, வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே விடுமாம். 4,20,000 ரூபாய். வீட்டுக் கடனில் சேர்த்தால் வரியும் மிச்சம் என்கிறார் விற்பவர். 10,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். கையிருப்பு 1,50,000. கடனில் சேர்ப்பதா, நகையை வைப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம் டீச்சர். கடனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அந்த மெஷின் உங்கள் ஊரில் என்ன வேலை பார்க்கும் என்று பார்த்துவிடுவோம்.

அது குளிர்நாட்டுச் சரக்கு. அங்கே குளிர்காலத்தில் வெளியே பூஜ்யம் டிகிரி, வீட்டுக்குள் ஹீட்டர் போட்டு 20 டிகிரி. ஜன்னலைத் திறந்தால் காசு கொடுத்து உண்டாக்கிய சூடு போய்விடும். அதனால் வெளியே போகும் காற்றின் சூட்டைப் பிடித்து, உள்ளே வரும் காற்றுக்கு ஏற்றிவிடுகிறது. உங்களுக்கு ஆடி மாதம் வெளியே 26 என்றால் உள்ளே 28 இருக்கும். மீட்பதற்கு அதில் என்ன இருக்கிறது? உங்களுடைய தொல்லை சூடு அல்ல, ஈரம். சாதாரண ஹீட் ரெகவரி மெஷின் ஈரத்தைப் பிடிக்காது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்றை வடிகட்டி, தூசி இல்லாமல், அதே ஈரத்தோடு பீரோ வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும். ஈரத்தையும் ஓரளவு தடுக்கும் வகை ஒன்று உண்டு. நாள் முழுக்க ஏசி ஓடுகிற, பெரிய ரோட்டை ஒட்டிய அடைத்த ஃபிளாட்டுக்கு அது சரி. ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிற வீட்டுக்கு எதற்கு?

இப்போது கணக்கு. 4,20,000 ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 வருட வீட்டுக் கடனில் சேர்த்தால் மாதத் தவணை சுமார் 3,645. கடைசியில் நீங்கள் கட்டி முடிப்பது ஏறத்தாழ 8,75,000. மெஷின் 20 வருடம் உழைக்குமா என்பதே சந்தேகம். இடையில் ஃபில்டர் மாற்ற வேண்டும், கெட்டுப்போனால் கொச்சியிலிருந்தோ கோவையிலிருந்தோ ஆள் வர வேண்டும். நீங்கள் அனுப்பிய தாளில் 80 வாட் என்று போட்டிருக்கிறது. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். அரசு தருகிற இலவச யூனிட்டில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். இரண்டு படுக்கையறையிலும் ஏசி வைக்கும் எண்ணம் இருந்தால், இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டும்போது முதல் யூனிட்டுகளுக்குக் கிடைக்கிற சலுகையும் குறைந்து, பில் ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

வரி மிச்சம் என்பது பாதிப் பேச்சு. புதிய வரிமுறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. பழைய முறையிலும் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான். நீங்கள் எந்த முறை என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நகைக்கடன் இன்னும் மோசம். பெரும்பாலும் ஒரு வருடத்தில் திருப்ப வேண்டும், முடியாவிட்டால் வட்டியைக் கட்டி மறுபடி வைக்க வேண்டும். வீடு கட்டுகிற வருடத்தில் அந்த நெருக்கடி எதற்கு?

சரி, பூசணத்துக்கு என்ன வழி? சுவர் இன்னும் ஜன்னல் மட்டத்தில் நிற்பது உங்கள் அதிர்ஷ்டம். ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்த ஊர்களில் திறக்கிற ஜன்னல் பரப்பு, அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. நம்மூரில் பழக்கத்துக்கு ஒரே ஒரு நாலுக்கு நாலு ஜன்னல் வைத்து விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு சுவரில் ஜன்னல் வையுங்கள். சாரல் மேற்கிலிருந்து அடிப்பதால் அந்தப் பக்க ஜன்னலை ஆனி, ஆடியில் திறக்க முடியாது. அங்கே சன்ஷேடை அகலமாக நீட்டி, மேற்குச் சுவரின் வெளிப்பூச்சுக்கு நல்ல வாட்டர்புரூஃப் கொடுத்துவிடுங்கள். பூசணத்தில் பாதி, சுவர் குடிக்கிற தண்ணீரால் வருவது. திறந்து வைக்கிற ஜன்னல் கிழக்கிலும் வடக்கிலும் இருக்கட்டும், கொசுவலையோடு.

எக்ஸாஸ்ட் ஃபேன் மூன்று: சமையலறைக்கு ஒன்று, குளியலறைகளுக்கு இரண்டு. இதில் நான் சொந்தமாகப் பட்ட பாடு ஒன்று உண்டு. தென்காசியில் என் வீட்டுச் சமையலறை ஃபேனை மேற்குச் சுவரில் வைக்கச் சொன்னேன். "மேல்காத்து எதுத்து அடிக்கும் சார்" என்றார் கொத்தனார், நான் கேட்கவில்லை. ஆடியில் ஃபேன் ஓடும்போதே தாளிப்புப் புகை திரும்பி முகத்தில் வந்தது. நிறுத்தி வைத்தால் காற்றில் தானாகப் பின்பக்கம் சுற்றியது! இரண்டே வருடத்தில் உடைத்து வடக்குச் சுவருக்கு மாற்றினேன், 7,000 ரூபாய் தண்டம். உங்கள் மேஸ்திரி சொல்வதைக் கேளுங்கள்.

குளியலறையில் கேஸ் கீசர் வைப்பதாக இருந்தால் மட்டும் காற்றோட்டத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க வேண்டாம். அடைத்த அறையில் அது கார்பன் மோனாக்சைடை விடும், வாசனையும் வராது. எலக்ட்ரிக் கீசரே வைத்துவிடுவது என் விருப்பம்.

கூரையில் உருண்டையாகச் சுற்றுமே, அந்த டர்போ வென்டிலேட்டரை யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள். அது ஷீட் போட்ட குடோனுக்கு, கான்கிரீட் தளத்துக்கு அல்ல. துணியை வீட்டுக்குள் காயப்போடாதீர்கள், பின்பக்கம் ஒரு தாழ்வாரம் இறக்கினால் போதும். ஒரு அறையில் ஏசி வைத்தால், சாரல் நாளில் ஈரத்தை உறிஞ்சுகிற அதன் டிரை மோடை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கதவைச் சாத்தி, பீரோவைத் திறந்து வையுங்கள். பையனின் இழுப்பைப் பூசணம் கூட்டும் என்பது உண்மை, ஆனாலும் டாக்டரிடம் காட்டாமல் வீட்டை மட்டும் மாற்றிக் காத்திருக்காதீர்கள்.

ஏசியையும் தாழ்வாரத்தையும் விட்டுவிட்டால், இதெல்லாம் என் கணக்கில் 70,000 ரூபாய்க்குள் அடங்கும். கையிருப்பிலிருந்தே எடுங்கள், மிச்சம் 80,000 அப்படியே இருக்கட்டும். வீடு கட்டுகிறவர்களுக்கு காம்பவுண்டு, கிரகப்பிரவேசம், மீட்டர் இணைப்பு என்று கடைசி மாதத்தில் வருகிற செலவு உங்களுக்கும் வரும்.

அந்த 10,000 ரூபாய்க்கு ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வேலை தொடங்கவில்லை, சாமானும் வரவில்லை என்றால் எழுத்தில் கேட்டுத் திரும்ப வாங்கப் பாருங்கள். பாதிதான் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காக மீதி 4,10,000 ரூபாயைக் கட்ட வேண்டியதில்லை. மேஸ்திரியிடம் ஜன்னல் அளவை இந்த வாரமே மாற்றச் சொல்லிவிடுங்கள். ஜன்னலுக்கு மேலே வருகிற லிண்டல் கான்கிரீட் போட்டுவிட்டால் அப்புறம் உடைப்புக் கூலி தனி.