உரிமம் இருக்கிறது, ஒப்புதல் இருக்கிறதா? வெளிநாட்டு மரக் கம்பெனிகளும் பழங்குடி நிலமும்: கேள்வி பதில்

கேள்வி: அரசாங்கமே காட்டைக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறது. பிறகு கம்பெனியை எப்படிக் குறை சொல்ல முடியும்?

எல்லாச் சண்டையும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கொடுத்தவருக்கு அந்த நிலத்தைக் கொடுக்கும் உரிமை இருந்ததா என்று முதலில் பாருங்கள். நிகரகுவாவில் அவாஸ் திங்னி என்ற மயாங்னா பழங்குடி ஊர் இருக்கிறது. 1996-ல் அதன் காட்டில் சுமார் 62,000 ஹெக்டேரை, ஒரு தென்கொரியக் குழுமத்தின் துணை நிறுவனமான சோல்கார்சாவுக்கு 30 ஆண்டுகளுக்கு அரசு எழுதிக் கொடுத்தது. ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை. அந்தப் பகுதிக்கான தன்னாட்சி மன்றத்தின் ஒப்புதல்கூட வாங்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே நாட்டின் உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டு, குத்தகை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று சொல்லிவிட்டது. ஆக, முத்திரை குத்திய காகிதம் கையில் இருந்தும் கம்பெனிக்கு அங்கே உரிமை இருக்கவில்லை.

கேள்வி: அந்த மக்களிடம் பட்டா இருந்ததா? இல்லாவிட்டால் நீதிமன்றம் எதை வைத்து நம்பும்?

பட்டா இல்லை. அனுபோகம் இருந்தது. எங்கே பயிர் செய்கிறோம், எங்கே வேட்டைக்குப் போகிறோம், பழைய ஊர்கள் எங்கே இருந்தன, முன்னோரைப் புதைத்த மலை எது என்று ஊர்க்காரர்கள் சொல்லச் சொல்ல, ஒரு மானுடவியலாளரின் உதவியோடு வரைபடம் தயாரானது. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் 31 ஆகஸ்ட் 2001 அன்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வழிவழியாக நிலத்தை அனுபவித்து வருவதே, அரசு அங்கீகாரம் கேட்பதற்குப் போதுமான ஆதாரம் என்றது. சொத்துரிமை தனி ஆளுக்கு மட்டுமல்ல, ஊருக்கும் உண்டு என்பதை ஒரு சர்வதேச நீதிமன்றம் நாட்டைக் கட்டுப்படுத்தும்படி சொன்னது பெரிய திருப்பம்.

கேள்வி: அப்படியென்றால் வென்றதும் நிலம் கைக்கு வந்துவிட்டதா?

உரிமைப் பத்திரம் வர 2008 டிசம்பர் ஆனது. ஏழு ஆண்டுகள்! அதற்குப் பிறகும் வெளியிலிருந்து வந்தவர்கள் புகுந்து காட்டை அழிப்பது நிற்கவில்லை. தீர்ப்பை நடைமுறைப்படுத்துவது தனிப் போராட்டம். இதை மறைத்துப் பேசுவது அந்த மக்களுக்குச் செய்யும் துரோகம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: சில இடங்களில் நில உரிமையாளர்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே?

யார் போட்டார், யார் சார்பில் போட்டார் என்று பாருங்கள். பப்புவா நியூ கினியில் நிலத்தின் பெரும்பகுதி, ஏறத்தாழ 97 சதவீதம், குலங்களின் மரபு உடைமை. அதை விற்க முடியாது. அதனால் ஒரு சுற்றுவழி பயன்பட்டது. மக்கள் நிலத்தை அரசுக்குக் குத்தகை விடுவார்கள், அரசு அதையே ஒரு கம்பெனிக்கு 99 ஆண்டுவரை திருப்பிக் குத்தகை விடும். பெயர் விவசாயத் திட்டம். உள்ளே பல இடங்களில் நடந்தது மர ஏற்றுமதி. இப்படி 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல் கைமாறியது. 2011-ல் அமைத்த விசாரணை ஆணையம் 2013-ல் அறிக்கை கொடுத்தபோது, அலசிய 42 குத்தகைகளில் வெறும் 4-ல்தான் உண்மையான ஒப்புதலும் உருப்படியான திட்டமும் இருந்தன.

குலத்தில் ஓரிருவரை மட்டும் நகரத்து ஓட்டலுக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கினால் அது குலத்தின் சம்மதம் ஆகாது. மிரட்டல் இல்லாமல், வேலை தொடங்கும் முன்பே, முழு விவரமும் புரிந்த பிறகு, அவர்கள் வழக்கப்படி கூடிப் பேசிச் சொன்னதுதான் சம்மதம். வேண்டாம் என்று சொல்லும் வழியும் அதில் திறந்திருக்க வேண்டும்.

கேள்வி: காட்டைப் பொறுப்பாகக் கையாளும் கம்பெனிகளுக்குச் சான்று தரும் சர்வதேச அமைப்பு எஃப்.எஸ்.சி. அதன் சான்று இருந்தால் நம்பலாமா?

ஒரு தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். காங்கோ ஜனநாயகக் குடியரசில் டான்சர் என்ற மரக் குழுமத்தின் துணை நிறுவனத்துக்கும் யாலிசிகா ஊருக்கும் தகராறு. பள்ளி, மருத்துவமனை என்று சொன்னதைச் செய்யவில்லை என்பது ஊரின் குறை. 2011-ல் அரசின் பாதுகாப்புப் படை ஊருக்குள் புகுந்து வன்முறை நடந்தது. புகாரை விசாரித்து 2013-ல் எஃப்.எஸ்.சி. அந்தக் குழுமத்துடன் உறவை முறித்தது, அடுத்த ஆண்டு மீண்டும் சேர்த்தது. புகார் கொடுக்க ஆள் இருந்ததால்தான் அந்த முறிவு நடந்தது.

கேள்வி: மரம் வெட்டாமல், நடுவதற்கு வரும் கம்பெனிகள்?

நடவும் நிலம் வேண்டுமே. உகாண்டாவின் கச்சுங்கில் நார்வே நிறுவனம் ஒன்று போட்ட தோப்பிலிருந்து கார்பன் வரவு (மரங்கள் உறிஞ்சும் கரியமில வாயுவைக் கணக்கிட்டு விற்கும் சான்று) வாங்கிவந்த ஸ்வீடன் எரிசக்தி முகமை, அக்கம்பக்கத்து மக்கள் பயிர் நிலமும் மேய்ச்சலும் இழந்ததாக எழுந்த புகார்களுக்குப் பிறகு 2015-ல் பணத்தை நிறுத்திவைத்தது.

கேள்வி: இப்படியொரு கம்பெனியில் பணம் போடச் சொல்கிறார்கள். எதைக் கேட்டுப் பார்ப்பது?

உரிமத்தின் நகலோடு நின்றுவிடாதீர்கள். ஊர்க்கூட்டத்தின் குறிப்பு எந்த மொழியில் இருக்கிறது, பெண்கள் இருந்தார்களா, எத்தனை கூட்டம் நடந்தது என்று கேளுங்கள். எல்லை வரைபடத்தை ஊரும் சேர்ந்து வரைந்ததா என்று கேளுங்கள். நிலுவையில் உள்ள வழக்குகளின் பட்டியல் கேளுங்கள். தென் அமெரிக்க நாடான சூரினாமில் சரமாகா மக்களின் வழக்கில், அதே அமெரிக்க நாடுகளுக்கிடையிலான நீதிமன்றத்தின் 2007 தீர்ப்பு பதிவு செய்த சேதங்களில் ஒன்று, மரக் கம்பெனிகள் தரமில்லாமல் போட்ட பாலங்கள் ஓடைகளை அடைத்தது. அதனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாலை எங்கே போகிறது என்பதையும் விடாதீர்கள். அப்புறம், கம்பெனி ஆள் கூட இல்லாமல் ஊரில் நாலு பேரிடம் நீங்களே பேச அனுமதி கேளுங்கள். அதற்கு மறுத்தால் பணம் போடாதீர்கள்.